முரசில் சிவப்புக் கட்டி: வெட்டலாமா, தொடக்கூடாதா?

கேள்வி, 2023 ஓகஸ்ட் 6

டொக்டர் அக்கா, நான் உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 19 வயது. கீழ் முரசில், வேட்டைப்பல்லுக்குப் பின்னால், நாலு மாதமாக ஒரு சிவப்புக் கட்டி. தொடக்கத்தில் மிளகளவு, இப்போது புளியங்கொட்டையளவு. பல் தீட்டினால் இரத்தம். ஒரு பல் வைத்தியர் "பத்து நிமிட வேலை, வெட்டிவிடலாம்" என்றார். இன்னொருவர் "இது இரத்தக் கட்டி, தொட்டால் நிற்காது, விட்டுவிடுங்கள்" என்றார். அம்மா பத்திரகாளி கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டார். யார் சொல்வது சரி?

ஓகஸ்ட் 6, இரவு

தங்கச்சி, இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருக்கலாம். "இரத்தக் கட்டி" என்பது நிறத்தைப் பார்த்து ஊர் வைத்த பெயர். அந்தப் பெயருக்குள் பத்து நிமிடத்தில் வெட்டி எடுக்கக்கூடியதும் இருக்கிறது. பக்கத்துப் பல்லைப் பிடுங்கினாலே உயிருக்கு ஆபத்தாவதும் இருக்கிறது. மருந்து கொடுத்தால் கரைவது இருக்கிறது. விட்டுவைத்தால் பரவுவதும் இருக்கிறது.

இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் நிறமாற்றம் ஏதும் இருந்ததா? விரல் வைத்தால் நாடி போலத் துடிக்கிறதா? மெதுவாக அழுத்தினால் வெளிறி, விட்டதும் சிவக்கிறதா? தலையைக் குனிந்தால் வீங்குகிறதா? பக்கத்துப் பல் ஆடுகிறதா? கீழ்ச் சொண்டு விறைத்தது போல இருக்கிறதா?

அதுவரை ஒருவரும் வெட்டவேண்டாம். நேர்த்தி இருக்கட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

ஓகஸ்ட் 8

பதில் வந்தது. பிறப்பிலிருந்து ஒன்றும் இல்லை. துடிப்பு இல்லை. அழுத்தினால் கொஞ்சம் வெளிறுகிறது. குனிந்தால் மாற்றம் இல்லை. சொண்டு விறைக்கவில்லை. பல் "லேசாக ஆடுகிற மாதிரி, அல்லது எங்கள் மனப்பயமோ தெரியாது" என்று எழுதியிருக்கிறார்.

பெரும்பாலும் இது பயோஜெனிக் கிரனுலோமாவாக இருக்கும். அந்தப் பெயரில் உள்ள இரண்டு சொல்லும் பிழை. சீழ் பிடித்தது என்று முதற்சொல் சொல்கிறது, சீழ் கிடையாது. கிரனுலோமா, அதாவது அழற்சிக் கலங்கள் திரண்ட முடிச்சு, என்று அடுத்த சொல் சொல்கிறது, அதுவும் கிடையாது. 1904 இல் ஹார்ட்ஸெல் என்ற தோல் வைத்தியர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர், இன்னும் போகவில்லை. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மயிர்த்துளைக் குழாய்கள் (மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள்) திராட்சைக் குலை போலக் கொத்துக் கொத்தாக இருக்கும். வாயில் இது அதிகமாக வருவது முரசில்தான். பற்காரை, உடைந்த பல்லின் விளிம்பு, சரியாக அடைக்காத பல், இப்படி ஏதாவது ஒன்று நாள்தோறும் உறுத்திக்கொண்டிருக்கும்.

செய்யவேண்டியது: விறைப்பு ஊசி போட்டு, கட்டியை அடியோடு, எலும்பை மூடியிருக்கும் சவ்வு வரை எடுத்து, அந்த இடத்தைச் சுரண்டி, பற்காரையையும் நீக்குவது. மேலாகச் சீவினால் திரும்ப முளைக்கும். ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் கத்தியை எடுக்கக்கூடாது. வெட்டியது எவ்வளவு சிறிய துண்டானாலும் குப்பைக்குப் போகக்கூடாது. போமலின் போத்தலில் இட்டு, பேராதனைப் பல் வைத்தியபீடத்தின் வாய்நோயியல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

ஓகஸ்ட் 8, பின்னேரம்

நூலால் இறுக்கிக் கட்டினால் உதிரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். மேல்பகுதி அழுகி விழும், வேர் அப்படியே இருக்கும், இடையில் கிருமியும் புகும். தேசிக்காயும் உப்பும் தேய்ப்பதும் வேண்டாம். புண்ணான இடம் இன்னும் புண்ணாகும், அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 9

ஆறு மாதக் கர்ப்பிணி என்று எழுதிய தங்கைக்கு: முரசில் கர்ப்ப காலத்தில் இப்படிக் கட்டி வருவது பழைய விஷயம், "கர்ப்பக் கட்டி" என்றே ஒரு பெயர் உண்டு. அதுவும் பயோஜெனிக் கிரனுலோமாதான். பற்களைச் சுத்தம் செய்வித்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாதபடி இரத்தம் வந்தாலோ சாப்பிட முடியாமற் போனாலோ ஒழிய, பிள்ளை பிறக்கும் வரை பொறுக்கலாம். பிறந்தபின் பலருக்கு அது தானாகச் சுருங்கும். சுருங்காவிட்டால் அப்போது எடுக்கலாம். பல் தீட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஓகஸ்ட் 13

[செப்டெம்பர் 3 இல் சேர்த்தது: இதை வாசித்துவிட்டு எவரும் பயொப்சியை, அதாவது சோதனைக்குத் துண்டெடுப்பதை, மறுக்கவேண்டாம். காரணம் கீழே அந்தத் திகதிக் குறிப்பில்.]

"எக்ஸ்ரே எடுக்காமல் தொடாதே" என்று ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன். இருபது வருடமாக எழுதாமல் வைத்திருந்தது.

2003. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், கிண்ணியாப் பக்கம் ஒரு சிறிய இடத்தில். எக்ஸ்ரே எடுப்பதென்றால் நகரத்துக்குத்தான் அனுப்பவேண்டும். 11 வயதுப் பையன். கீழ்க் கொடுப்புப்பல் ஆடுகிறது, காலையில் எழும்பினால் தலையணையில் இரத்தக் கறை என்று உம்மா சொன்னார். வாயைப் பார்த்தேன். மற்றப் பற்கள் எல்லாம் சுத்தம். முரசு நோய் வருகிற வாயே இல்லை. அந்த ஒரு பல்லைச் சுற்றி மட்டும் முரசு கருஞ்சிவப்பு. கையுறை போட்ட விரலுக்குக்கூட அந்த இடம் மற்ற இடத்தைவிடச் சூடாகத் தெரிந்தது. தெரிந்தும் அதற்கு அர்த்தம் கொடுக்கவில்லை.

விறைப்பு ஊசி ஏற்றும்போது, நான் இழுக்காமலே இரத்தம் ஊசிக்குழாய்க்குள் ஏறியது. நாளத்தில் பட்டுவிட்டது என்று நினைத்து, ஊசியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். அது இரண்டாவது எச்சரிக்கை.

பல் வந்த கையோடு இரத்தம் குழாய் உடைந்தது போல எழும்பியது. பல் பிடுங்கினால் ஊறிவரும் இரத்தத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இது அப்படி இல்லை. நெஞ்சு துடிக்கும் தாளத்தோடு வந்தது, பளிச்சென்ற சிவப்பு. பஞ்சு நிற்கவில்லை. பிடுங்கிய பல் தட்டில் கிடந்தது. அதை எடுத்து, வந்த குழிக்குள்ளேயே திரும்பச் செருகி, பெருவிரலால் அழுத்தினேன். இப்படிச் செய்யவேண்டும் என்று படித்திருந்தேன்தான். அந்த நேரம் படிப்பு ஞாபகம் வந்ததா, கை தானாகச் செய்ததா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. ஓட்டம் அடங்கியது, நிற்கவில்லை.

மிஸ்ஸி சேலைன் ஏற்றினார். அம்புலன்ஸில் நான் விரலை எடுக்காமலே ஏறினேன். அந்த நாளில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுதான். துறைக்குப் போனால் பாதை அக்கரையில் நின்றது. ஆட்களையும் சைக்கிள்களையும் இறக்கி, திரும்பி வரும் வரை காத்திருந்தோம். வாப்பா பையனின் காலைப் பிடித்தபடி ஓதிக்கொண்டிருந்தார். உம்மா ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை. "மகன், டொக்டர்ட விரலைக் கடிச்சிராத" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பையன் பிழைத்தான். இரத்தம் ஏற்றி, கொழும்புக்கு அனுப்பி, அங்கே தொடை நாடி வழியாக மெல்லிய குழாயைத் தாடை வரை கொண்டுபோய், கட்டிக்கு இரத்தம் ஊட்டிய நாடிகளை உள்ளிருந்தே அடைத்தார்கள். பிறகுதான் சத்திரசிகிச்சை. தாடை எலும்புக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் நாடியும் திருப்பிக் கொண்டுபோகும் நாளமும் இடையில் மயிர்த்துளைக் குழாயே இல்லாமல் நேராக இணைந்திருந்தன. நாடி நாளக் குறைபாடு என்பது அதுதான். ஆற்றை வாய்க்காலில் திறந்துவிட்டது போல.

2009 இல் பாலம் திறந்தார்கள். அதில் போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் துறையில் நின்ற நேரம்தான் வரும்.

ஆகவே பல் வைத்தியம் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால்: சுத்தமான வாயில் ஒற்றைப் பல் ஆடி, காரணமில்லாமல் இரத்தம் வந்தால், பல் பிடுங்கும் குறட்டைக் கீழே வையுங்கள். படம் எடுங்கள். தாடையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேளுங்கள், காற்று ஊதுவது போல ஓசை வரலாம். படத்தில் எலும்பு கறுத்த இடம் இருந்தால், திறப்பதற்கு முன் ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசிக்குழாயின் தண்டை இரத்தம் தானே பின்னால் தள்ளினால் அங்கேயே நிறுத்தி, மேலிடத்துக்கு அனுப்புங்கள்.

ஓகஸ்ட் 14

ஓய்வுபெற்ற தாதி ஒருவர் கேட்கிறார்: கழுத்தில் வெளித் தலைநாடியைக் கட்டிவிட்டால் இரத்தம் நிற்காதா, முன்னே அப்படிச் செய்தார்களே? செய்தார்கள், அக்கா. இப்போது செய்யக்கூடாது என்கிறோம். கட்டினால் கொஞ்ச நாளில் மறுபக்கத்திலிருந்தும் உள் தலைநாடியிலிருந்தும் சுற்றுவழிகள் திறந்து கட்டிக்கு இரத்தம் ஊட்டும். குழாய் செலுத்தி அடைக்க இருந்த நேர்வழி அதற்குள் மூடிப்போயிருக்கும். அடைத்தபின்னும் காத்திருக்க முடியாது. பெரும்பாலும் 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் வெட்டி எடுக்கிறார்கள். இல்லாவிட்டால் புது வழிகள் தயாராகிவிடும்.

ஓகஸ்ட் 16

நிலாவெளியிலிருந்து ஒரு அம்மம்மா, பேத்திக்கு இரண்டு மாதம், கீழ்ச் சொண்டில் சிவப்பாகத் தடித்து வாரத்துக்கு வாரம் பெருக்கிறதாம். பிறந்தபோது ஒரு சிறு புள்ளிதானாம்.

இது குழந்தை ஹிமாஞ்சியோமா போலத் தெரிகிறது. 1982 க்கு முன்பு சிவப்பாக, நீலமாக இருப்பதெல்லாவற்றையும் ஹிமாஞ்சியோமா என்று ஒரே பெயரால் அழைத்தார்கள். அந்த வருடம் மல்லிகன், குளோவாக்கி என்ற இருவர் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று உண்மையான கட்டி: குழாயின் உட்சுவர்க் கலங்கள் பெருகுகின்றன. மற்றது குறைபாடு: கலங்கள் பெருகுவதில்லை, குழாய்களே பிறவியில் பிழையாக அமைந்து, பிள்ளையோடு சேர்ந்து வளர்கின்றன. கட்டிக்கு வைத்தியம் வேறு, குறைபாட்டுக்கு வைத்தியம் வேறு. இன்றைக்கும் பழைய பெயரை எழுதிய துண்டுகள் வருவதால்தான் இத்தனை குழப்பம்.

குழந்தைக் கட்டி முதற் சில மாதங்களில் வேகமாக வளர்ந்து, பிறகு வருடக்கணக்கில் மெதுவாக வாடும். பல பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஆனால் சொண்டில் இருப்பது புண்ணாகும், பால் குடிக்க வலிக்கும், வாடியபின் சொண்டின் வடிவம் கெடும். ஆகவே காத்திருக்காமல் குழந்தை வைத்தியரிடம் இந்த வாரமே காட்டுங்கள். 2008 இல் பிரான்சின் போர்தோ நகரில் லியோத்தே-லாப்ரேஸ் என்ற வைத்தியரும் கூட்டத்தாரும், இதய வருத்தத்துக்காக புரோப்ரனலோல் கொடுத்த ஒரு பிள்ளையின் மூக்குக் கட்டி வாடுவதைக் கண்டார்கள். 11 பிள்ளைகளின் கதையை எழுதினார்கள். அதற்குப் பிறகு கத்தியின் வேலை இதில் மிகவும் குறைந்துவிட்டது. மருந்து தொடங்கமுன் இதயத்தைப் பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: பால் குடித்த வயிற்றில்தான் கொடுக்கவேண்டும். பிள்ளை சாப்பிடாத நாளில், வாந்தியெடுக்கும் நாளில், வைத்தியரிடம் கேட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும்.

ஓகஸ்ட் 20

முதல் இரவு நான் எழுதிய "மருந்து கொடுத்தால் கரைவது" என்ற வரியைப் பிடித்துக்கொண்டு தம்பலகாமத்திலிருந்து ஒருவர், 50 வயது அம்மாவின் நாக்குக் கட்டிக்குப் புரோப்ரனலோல் மாத்திரையை வாங்கலாமா என்று கேட்கிறார். என் பிழை, தெளிவாக எழுதியிருக்கவேண்டும். அந்த மருந்து குழந்தைக் கட்டிக்குத்தான். அம்மாவுக்கு அது வேலை செய்யாது.

அவர் எழுதியதைப் பாருங்கள்: "சின்ன வயதிலிருந்தே நாக்கின் ஓரம் நீலம். வயலில் குனிந்து களை பிடுங்கினால் பெருத்துவிடும். நிமிர்ந்து கொஞ்ச நேரம் நின்றால் வற்றும். உள்ளே இரண்டு மூன்று குறுணிக்கல் மாதிரித் தட்டுப்படும்." எத்தனையோ புத்தகப் பக்கங்களில் இருப்பதை நாலு வரியில் எழுதிவிட்டார். இது நாளக் குறைபாடு. மெதுவான ஓட்டம். குனிந்தால் நிறையும், நிமிர்ந்தால் வடியும். அந்தக் குறுணிக்கல், தேங்கிய இரத்தம் உறைந்து சுண்ணாம்பேறியது. எக்ஸ்ரேயில் வட்ட வட்டமாக வெள்ளையாகத் தெரியும்.

தொந்தரவு இல்லாவிட்டால் விட்டுவைக்கலாம். கடிபட்டு இரத்தம் வந்தால், பேச்சுத் தடக்கினால், எம்.ஆர்.ஐ. எடுத்து எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்து, சுருங்கவைக்கும் மருந்தை உள்ளே ஊசியால் ஏற்றுவார்கள். ஒரு தடவையில் முடியாது, பல தடவை ஏற்றவேண்டிவரும். ஏற்றியதும் முதலில் வீங்கும், நாக்கென்றபடியால் மூச்சைக் கவனிக்க வார்ட்டில் வைத்திருப்பார்கள். மிச்சத்தை வெட்டவேண்டுமா என்பது அதற்குப் பிறகு. அம்மாவை களை பிடுங்க விடவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னாலும் கேட்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஓகஸ்ட் 21

15 வயது மகனுக்கு ஒரு பக்க மூக்கு அடைப்பு, அடிக்கடி மூக்கால் இரத்தம், இப்போது மேல்வாய் ஒரு பக்கம் கீழே தள்ளுகிறது என்று எழுதியவருக்கு: இன்றைக்கே காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போங்கள். பதின்ம வயது ஆண்பிள்ளைகளுக்கு மூக்கின் பின்புறம் வரும் ஒரு நாடிக்கட்டி இருக்கிறது, பரவும் புற்று இல்லை, ஆனால் இரத்தம் மிக அதிகம். கிளினிக் கதிரையில் வைத்து ஒருவரும் துண்டெடுக்கக்கூடாது. ஸ்கேன்தான் முதலில்.

செப்டெம்பர் 3

பாலையூற்றிலிருந்து ஒரு மகள் நேற்று எழுதியது: "அக்கா, ஓகஸ்ட் 13 இல் நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு நாக்கின் பக்கத்தில் சிவப்புக் கட்டி. பயொப்சிக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். இரத்தம் பீறிடும் என்று பயந்து, போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். மூன்று வாரம் ஆகிறது."

இரவு முழுக்க இதுதான் மனதில். அப்பாவுக்கு 67 வயது, நாற்பது வருடமாக வெற்றிலை, புகையிலை. இன்று காலை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நுணுக்குக்காட்டியில் வைக்கும் சிறு கண்ணாடித் தட்டால் அழுத்தினேன். வெளிறவேயில்லை. விளிம்பு தடித்து, அடி கல் மாதிரி. துடிப்பில்லை, சூடில்லை. அதில் பயப்படும்படியான இரத்தமே இல்லை. நிறம் மட்டும்தான் சிவப்பு. கழுத்தில் ஒரு நெறி (வீங்கிய நிணநீர்க் கட்டி). நான் சந்தேகப்படுவதை மகளிடம் சொன்னேன், அப்பாவிடமும் சொன்னேன். நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஒரு பையனின் கதையை நெஞ்சில் இருந்தபடி எழுதிவிட்டேன். வாசிப்பவர் தன் கட்டியை அதற்குள் பொருத்திப் பார்ப்பார் என்று யோசிக்கவில்லை. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்று வாய்ப்புற்றுத்தான். துடிக்கும் குறைபாடு மிக மிக அரிது. அரிதானதற்குப் பயந்து அடிக்கடி வருவதை விட்டுவிடும்படி என் எழுத்துச் செய்துவிட்டது.

திருத்திச் சொல்கிறேன். துடித்தால், ஓசை கேட்டால், சூடாக இருந்தால், படத்தில் தாடைக்குள் ஓட்டை தெரிந்தால், பதின்ம வயதுப் பையனுக்கு மூக்கால் இரத்தம் வந்தால், துண்டெடுப்பதை ஸ்கேன் வரும் வரை நிறுத்துங்கள். மற்ற எல்லோரும், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத எதுவானாலும், துண்டெடுக்கப் போகவேண்டும். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஊதா நிறக் கட்டியென்றால் இன்னும் அவசரம். அது அஞ்சியோசார்கோமா என்ற இரத்தக் குழாய்ப் புற்றாக இருக்கலாம், அரிது, வேகமாகப் பரவும். மேல்வாயில் ஊதாத் திட்டுகள் என்றால் கப்போசி சார்கோமா என்ற இன்னொரு குழாய்ப் புற்றாக இருக்கலாம். 1872 இல் கப்போசி எழுதியது, 1994 இல்தான் அதற்குப் பின்னால் ஒரு ஹெர்பீஸ் இன வைரஸ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் மாற்றி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் வரும். துண்டெடுக்காமல் இவற்றை ஒருவராலும் பெயர் சொல்ல முடியாது.

செப்டெம்பர் 24

பாலையூற்று அப்பாவின் முடிவு வந்தது. புற்றுத்தான். சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்துவிட்டது. வெற்றிலைத் தட்டத்தை அவரே எடுத்து அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். அயல்வீட்டுக்கும் கொடுக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

உப்புவெளித் தம்பியின் துண்டுக்கும் முடிவு வந்தது: பயோஜெனிக் கிரனுலோமா. நல்லது. எக்ஸ்ரேயையும் தங்கச்சி அனுப்பியிருந்தார். இரண்டு பல்லுக்கு நடுவே எலும்பு கொஞ்சம் கரைந்திருக்கிறது. முரசு அழற்சியால் இருக்கலாம்.

2024 ஜனவரி 21

உப்புவெளித் தம்பிக்குக் கட்டி திரும்ப வந்துவிட்டது. அதே இடம், இந்த முறை அகலம். பல் நிச்சயமாக ஆடுகிறது.

பழைய குறிப்புகளை முதலிலிருந்து வாசித்தேன். ஓகஸ்ட் 8 இல் தங்கச்சி பல் ஆடுவதாக எழுதியிருக்கிறார், நான் அதைக் கடந்து போயிருக்கிறேன். செப்டெம்பர் 24 இல் எலும்பு கரைந்ததைப் பார்த்து "அழற்சி" என்று எழுதியிருக்கிறேன். 19 வயது, மற்றப் பற்கள் எல்லாம் சுத்தம், ஒரே இடத்தில் எலும்புக் கரைவு. "சுத்தமான வாயில் ஒற்றைப் பல்" என்று ஓகஸ்ட் 13 இல் மற்றவர்களுக்கு எழுதியவள் நான்தான்.

தங்கச்சியிடம் கேட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. முதல் தடவை கட்டியின் மேற்பகுதியைத்தான் எடுத்திருக்கிறார்கள். மேலே புண்ணான இடத்தில் எந்தக் கட்டியானாலும் புது மயிர்த்துளைக் குழாய்கள் முளைத்து பயோஜெனிக் கிரனுலோமா மாதிரித்தான் காட்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று மேல்தோலுக்குத் தெரியாது. ஆழமாக, எலும்பு ஓரத்திலிருந்து துண்டெடுக்கவேண்டும். கண்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 11

தம்பியும் தங்கச்சியும் அதிகாலை பஸ்ஸில் கண்டிக்கு ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகப் போய்வந்தார்கள். முடிவு: எபிதீலியொயிட் ஹிமாஞ்சியோஎன்டொதீலியோமா. தங்கச்சி தொலைபேசியில் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். இத்தனை வருடத்தில் வாயில் இது வந்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

1982 இல் வைஸ், என்சிங்கர் இருவரும் பெயரிட்ட கட்டி. இரத்தக் குழாயின் உட்சுவர்க் கலங்களிலிருந்து வருவது. சாதுவான கட்டிக்கும் அஞ்சியோசார்கோமாவுக்கும் நடுவே இருக்கும், ஆனால் பரவக்கூடியது என்பதால் புற்று என்றே கணக்கெடுக்கவேண்டும். ஈரல், நுரையீரல், எலும்பில் வருவதுதான் வழக்கம். வாயில் வந்தால் முரசு நோய் மாதிரியே வேஷம் போடும்: சிவப்பு, கொஞ்சம் இரத்தம், ஆடும் பல், கரைந்த எலும்பு.

நுணுக்குக்காட்டியில் இதில் குழாய்கள் ஒழுங்காக உருவாகியிருக்காது. ஒவ்வொரு கலமும் தனித்தனியே குழாயாக முயற்சி செய்தது போல, கலத்துக்குள்ளேயே ஒரு சிறு குமிழி. சில குமிழிகளுக்குள் ஒரேயொரு செங்குருதிக் கலம் மாட்டியிருக்கும். சிடி31, ஈ.ஆர்.ஜி. என்ற சாயங்கள் "இது குழாய்ச் சுவரின் கலம்" என்று சொல்லும். பெயரை உறுதிசெய்வது காம்டா1 என்ற சாயம். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு மரபணுக்கள் இடம் மாறி ஒட்டியிருப்பதை 2011 இல் கண்டுபிடித்தார்கள், அதில் ஒன்றுதான் காம்டா1.

அம்மா கேட்ட கேள்வி, "பரவிவிட்டதா?" நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். ஏனென்றால் இது ஒரே நேரத்தில் பல இடத்தில் இருக்கக்கூடியது.

பெப்ரவரி 18

ஸ்கேனில் வேறெங்கும் இல்லை. கழுத்து நெறிகளும் சுத்தம். அம்மா இப்போதுதான் சாப்பிட்டாராம்.

மார்ச் 17

சத்திரசிகிச்சை முடிந்தது. எப்படிச் செய்தார்கள் என்று பலர் கேட்டிருப்பதால், அங்கே உள்ள வைத்தியரிடம் கேட்டு, குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

முதலில் ஓட்டத்தைப் பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் பெரிய நாடிகள் ஊட்டவில்லை. ஆகவே கிண்ணியாப் பையனுக்குப் போல உள்ளிருந்து அடைக்கத் தேவைப்படவில்லை. இரண்டு பைந்து இரத்தம் பொருத்தம் பார்த்து ஆயத்தமாக வைத்தார்கள், பயன்படுத்தவில்லை. முழு மயக்கம், மூக்கு வழியாகச் சுவாசக் குழாய். கட்டியைச் சுற்றி நல்ல தசை ஒரு சென்டிமீற்றரளவு சேர்த்துக் கோடு போட்டு, எலும்புச் சவ்வோடு, இரண்டு பல்லோடு, அவற்றைத் தாங்கிய எலும்பையும் ஒரே கட்டாக அறுத்தெடுத்தார்கள். தாடையின் கீழ் விளிம்பை விட்டுவைத்தார்கள். அதனால் தாடை முறியவில்லை, முகத்தின் வடிவமும் மாறவில்லை. சொண்டுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு பக்கத்திலேயே வெளிவருகிறது. அதைக் கண்டு, ஒதுக்கி, காப்பாற்றினார்கள். உட்சொக்கைத் தோலை இழுத்து மூடித் தைத்து, மூட முடியாத இடத்தில் அயடோபோம் என்ற கிருமிகொல்லி ஊறிய துணி வைத்தார்கள்.

இது சுரண்டி எடுக்கிற கட்டி இல்லை என்று அந்த வைத்தியர் சொன்னதை எழுதிவைத்தேன். சுரண்டினால் திரும்ப வரும். ஓகஸ்ட் 8 இல் நான் எழுதிய வைத்தியம் பயோஜெனிக் கிரனுலோமாவுக்குச் சரி, இதற்குப் போதாது. அந்தக் குறிப்பை யாராவது தனியாக எடுத்து அனுப்பினால் இதையும் சேர்த்து அனுப்புங்கள்.

விளிம்புகளில் கட்டி இல்லை என்று நோயியல் முடிவு. கதிர் சிகிச்சையோ மருந்தோ இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 19

"அப்படியானால் முதலில் வெட்டலாம் என்ற வைத்தியர் சரியா, தொடாதே என்றவர் சரியா?" என்று ஒருவர் திரும்ப ஆரம்பித்திருக்கிறார். முதலாமவர் சொன்னபடி துண்டு எடுத்தபடியால்தான் இரண்டாவது துண்டுக்கு வழி வந்தது. இரண்டாமவர் சொன்னதைக் கேட்டிருந்தால் பையன் இன்னும் கட்டியோடு இருந்திருப்பான். ஆனால் அவர் சொன்ன பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். அவரும் எங்கேயோ ஒரு தலையணைக் கறையைப் பார்த்திருக்கலாம்.

ஓகஸ்ட் 25

ஐந்து மாதம். இடைவெளிக்குக் கழற்றிப் போடும் பல் செய்திருக்கிறார்கள். சொண்டின் ஓரத்தில் கொஞ்சம் எறும்பு ஊர்வது போல இருக்கிறதாம், குறைந்துகொண்டு வருகிறது. பாலையூற்று அப்பா கதிர் சிகிச்சை முடித்து, கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு வந்துவிட்டார். நிலாவெளிப் பேத்தியின் சொண்டு வெளிறிவிட்டது, படம் அனுப்பியிருக்கிறார்கள், இரண்டு பல் முளைத்திருக்கிறது.

தம்பி இன்று நேரில் வந்தான். பத்திரகாளி கோயில் நேர்த்தியை முடித்துவிட்டு நேராக வந்ததாகச் சொன்னான். விளக்கைக் கொளுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, தழும்பை விரலால் மூன்று தடவை தடவிப் பார்த்தேன். மென்மையாக இருந்தது. அடுத்த நெஞ்சு ஸ்கேன் செப்டெம்பரில்.